கிணற்றுக்குக் கீழே வேலி இல்லை

இந்தக் கூட்டத்தை ஒழுங்கு செய்த சனசமூக நிலையத்தாரே, இறைப்பை முடித்துவிட்டு நேரே வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் கமக்காரப் பெருமக்களே, ஆசிரியர்களே, தாய்மாரே, மாணவச் செல்வங்களே!

நகரமும் வேளாண்மையும் மண்ணையும் நிலத்தடி நீரையும் என்ன செய்கின்றன, அதை எப்படிச் சமாளிப்பது என்று பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. ஊர் ஊராக, நாடு நாடாகப் பேசலாம். நான் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு அதிகம் வெளியே போகப் போவதில்லை. ஏனென்றால், நகரமும் தோட்டமும் ஒரே கல்லுக்குள் இருந்து தண்ணீர் குடிக்கிற இடம் இது. இங்கே ஒருவர் செய்வது மற்றவருடைய செம்பில் வந்து நிற்கிறது.

நமக்கு ஆறு இருக்கிறதா? வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. மாரியில் ஓடும், கோடையில் அதன் மேல் மாடு மேயும். நமக்கு மலை இருக்கிறதா? கீரிமலை என்று பெயரில் ஒரு மலை வைத்திருக்கிறோம். மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை, பனிக்கட்டி உருகி வருகிற வெள்ளமும் இல்லை. ஏறக்குறைய ஆயிரம் சதுர கிலோமீற்றர் நிலம், மூன்று பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவிலும் கடல்நீரேரி. இதற்குள் இத்தனை நூற்றாண்டாக இவ்வளவு சனம் எப்படிக் குடியிருந்தது? ஒரே விடைதான். கிணறு.

அந்தக் கிணற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது? பாடசாலையில் படித்திருப்பீர்கள்: மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். அது திடமான பாறை அன்று. வெடிப்பும் பொந்தும் குகையுமாக, மழைத்தண்ணீர் காலங்காலமாகக் கரைத்துக் கரைத்து வழி செய்த கல். அதற்கு மேலே வலிகாமப் பகுதியில் செம்பாட்டு மண். சில இடத்தில் ஆள் உயரம் இருக்கும், சில இடத்தில் மண்வெட்டி போட்டால் கல்லில் 'டங்' என்று கேட்கும். மணற்பாங்கான ஊர்களில் மண் ஆழமாக இருக்கலாம், ஆனால் அது தண்ணீரைப் பிடித்து வைக்கிற மண் இல்லை. ஆக, மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேர அதிக நேரம் எடுப்பதில்லை. வேறு சில இடங்களில் பல மீற்றர் களிமண் ஊடாக வடிந்து, நுண்ணுயிர் தின்று, துப்புரவாகிப் போகிற அழுக்கு, இங்கே வெடிப்பு வழியே நேரே இறங்கிவிடும்.

புத்தூர்ப் பக்கம் நிலாவரைக்குப் போயிருப்பீர்கள். அடி இல்லாக் கிணறு என்று சின்ன வயதில் பயம் காட்டுவார்கள். அடி உண்டு. பார்க்க வேண்டிய விசயம் வேறு: மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு. இந்தக் குடாநாட்டின் கதை முழுவதும் அந்த ஒரு கிணற்றில் இருக்கிறது. நன்னீர் உப்புநீரைவிடச் சற்று இலேசானது. ஆகவே கல்லுக்குள் கடல்நீரின் மேல் நம்முடைய மழைநீர் மிதந்துகொண்டிருக்கிறது, அப்பம் போல, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைபன் என்ற ஒல்லாந்தரும், அதன் பிறகு ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியரும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது மீற்றர் நன்னீர் நிற்கும். கேட்க நல்ல செய்தி. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மேல் மட்டத்தை ஒரு மீற்றர் பதித்தால்? கீழேயிருந்து உப்பு நாற்பது மீற்றர் எழும்பப் பார்க்கும். உடனே எழும்பாது. எழும்பிய பிறகு உடனே இறங்கவும் இறங்காது.

இதைப் படிக்காமலே நம்முடைய முன்னோர் அறிந்திருந்தார்கள் என்று மேடைகளில் பேசுவது வழக்கம். நானும் கொஞ்சம் பேசுகிறேன், ஆனால் அளவோடு. கிணற்றுத் துலாவில் ஒருவர் மிதிக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, ஒருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற, விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும் வரை இறைத்தாலும் கிணற்றின் மேல் தண்ணீரில் ஒரு பங்குதான் வரும். இறைத்ததை இரவு ஊற்று நிரப்பிவிடும். பூவரசங்குழை, பனையோலை, ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி என்று மண்ணுக்குத் தின்னக் கொடுத்தார்கள். மாரி வெள்ளம் கடலுக்கு ஓடாமல் குளத்திலும் கேணியிலும் தரவையிலும் தங்கி இறங்கியது. இதெல்லாம் உண்மை. ஆனால் துலாவில் ஏறி நடந்த கால் யாருடைய கால்? பட்டை பிடித்த கை யாருடைய கை? அந்தத் தோட்டத்தில் நாள் முழுவதும் உழைத்தவர் பலருக்கு ஊரின் நல்ல தண்ணீர்க் கிணற்றில் தானாக அள்ளிக் குடிக்க உரிமை இருக்கவில்லை. பழைய காலத்துத் தண்ணீர் ஒழுங்கைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பொய்ப் புகழ்ச்சி. துலாவுக்குத் திரும்பிப் போவோம் என்று நான் சொல்ல வரவில்லை. துலா ஒரு எல்லையை வைத்திருந்தது, அது போன பிறகு வேறு எல்லை எதையும் நாம் வைக்கவில்லை என்றுதான் சொல்ல வருகிறேன்.

எல்லை எப்போது போனது? 1950களுக்குப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம் வந்தது. ஒரு நாள் முழுக்க மூன்று பேர் செய்த வேலையை மிசின் காலைச் சாப்பாட்டுக்கு முன் முடித்தது. 1970இல் வந்த அரசாங்கம் வெளிநாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் உருளைக்கிழங்கையும் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு அது பொற்காலம். செத்தல் மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். இந்தச் சபையில் எத்தனை பேருடைய பட்டத்துக்கு அந்த மிளகாய் பணம் கட்டியதோ! நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு போகம் இரண்டாகி, இரண்டு மூன்றாகி, குழைக்குப் பதில் யூரியா மூட்டை வந்தது. பிறகு போர்க்காலத்தில் யூரியாவே தடைப்பட்டியலில் இருந்தது. போர் முடிந்ததும் மூட்டை மறுபடி வந்தது.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஐம்பது கிலோ மூட்டையில் 23 கிலோ. பயிர் அதை எல்லாம் தின்கிறதா? பல பயிர்களில் பாதிதான் செடிக்குப் போகிறது. சின்ன வெங்காயத்தின் வேர் எவ்வளவு ஆழம் போகும்? ஒரு முழத்துக்குள் முடிந்துவிடும். நாமோ சில நாளுக்கு ஒருமுறை பாத்தி நிறையத் தண்ணீர் கட்டுகிறோம். வேரைத் தாண்டிய தண்ணீர் என்ன செய்யும்? மிஞ்சிய நைதரசனை நைத்திரேற்றாகக் கரைத்துக்கொண்டு கல்லுக்குள் இறங்கும். எந்தக் கல்லுக்குள்? நீங்கள் நாளைக்கு இறைக்கப் போகிற அதே கல்லுக்குள்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரை போகலாம் என்கிறது. இலங்கையின் அளவும் அதுவே. வலிகாமத்தில் அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகளை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அந்த எல்லை எங்கேயிருந்து வந்தது? 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கோம்லி என்ற மருத்துவர், பண்ணை வீட்டுக் குழந்தைகள் சிலர் உடல் நீலம் பாரித்து வருவதைக் கவனித்தார். இருதயக் கோளாறு இல்லை. சுவாசக் கோளாறும் இல்லை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்திருந்தார்கள். நைத்திரேற்று குழந்தையின் வயிற்றில் நைத்திரைற்றாகி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் செய்துவிடுகிறது. தாய்மாரே, இந்த இடத்தை மட்டும் நன்றாகக் கேளுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். மணம் இல்லை, நிறம் இல்லை, உருசி இல்லை. "எங்கட கிணத்துத் தண்ணி கற்கண்டு" என்று சொல்லிக்கொண்டே கொடுத்துவிடலாம்.

இதுவரை கேட்ட நகரத்தாரே, இப்போது திரும்பிப் பின்வரிசையைப் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டாம். இனி உங்கள் முறை.

யாழ்ப்பாண நகரத்தில் கழிவுநீரைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி இல்லை. ஒவ்வொரு வளவுக்கும் ஒரு கிணறு, ஒரு மலசலகூடக் குழி. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி விடும்படி சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். நீங்கள் உங்கள் வளவுக்குள் ஐம்பது அடி விட்டிருப்பீர்கள். உங்கள் கிணற்றுக்கும் அடுத்த வளவுக் குழிக்கும் எத்தனை அடி? மதிலுக்கு அப்பால் யார் நாடா பிடித்தார்கள்? வெடிப்பு ஓடுகிற கல்லில் ஐம்பது அடி என்பதற்கு அர்த்தமே குறைவு. மண்ணுக்கு எழுதிய விதியைக் கல்லுக்குப் போட்டிருக்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். மாணவர்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளலாம். வளர்ந்த ஒருவர் ஆண்டுக்குக் கழிவில் வெளியேற்றும் நைதரசன் சுமார் நான்கு கிலோ. ஐந்து பேர் உள்ள குடும்பம் என்றால் இருபது கிலோ. சற்று முன் நான் சொன்ன யூரியா மூட்டையை நினைத்துப் பாருங்கள். 23 கிலோ! அதாவது வெங்காயம் ஒரு கன்றுகூட நடாத நகரத்துக் குடும்பம், ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியாவைத் தன் வளவுக் குழிக்குள் கொட்டுகிறது. கமக்காரன் கொட்டும் மூட்டையில் பாதியையாவது பயிர் தின்னும். குழியில் தின்ன என்ன இருக்கிறது?

கணக்கு முடியவில்லை. நமக்கு ஆண்டுக்குச் சுமார் 1250 மில்லிமீற்றர் மழை, பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள். அதில் மூன்றில் ஒரு பங்கு, 400 மில்லிமீற்றர், கிணற்றுத் தண்ணீராகச் சேர்கிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒரு பரப்புக் காணி ஏறக்குறைய 250 சதுர மீற்றர். ஆக, ஒரு பரப்பு ஆண்டுக்குக் கீழே அனுப்புவது ஒரு இலட்சம் லீற்றர் தண்ணீர். அந்தத் தண்ணீர் 50 மில்லிகிராம் எல்லைக்குள் நிற்க வேண்டுமானால் அதில் எவ்வளவு நைதரசன் கரையலாம்? ஒரு கிலோவும் நூறு கிராமும். அவ்வளவுதான். ஒரு பரப்பு தாங்கும் சுமை அது. குழிக்குள் போன இருபது கிலோவில் பாதி காற்றோடு போய்விட்டது என்று விட்டுக்கொடுத்தாலும், மிச்சம் பத்துக் கிலோவைச் சுமக்க ஒன்பது பரப்புக் காணி வேண்டும். நகரத்தில் எத்தனை பேருக்கு ஒன்பது பரப்பு இருக்கிறது? இரண்டு பரப்பைப் பிரித்துச் சீதனம் கொடுக்கிற காலம் இது. மாடி வீட்டில் மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், பின்னால் வாடகைக்கு இரண்டு அறை. முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டு மழை இறங்கும் வழியையும் அடைத்தாயிற்று.

உறுதியில் கிணற்றுப் பங்கு எழுதுகிறோம். எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று எழுதுகிறோம். வழி, வாய்க்கால் உரிமை எழுதுகிறோம். ஒரு அடி வேலி நகர்ந்தால் நீதிமன்றம் போகிறோம். ஆனால் கிணற்றுக்குக் கீழே வேலி இருக்கிறதா? நல்லூர்த் தண்ணீர் என்றும் கோப்பாய்த் தண்ணீர் என்றும் கல்லுக்குள் எல்லை போட்டிருக்கிறதா? எல்லைக் கதிகால் நடுகிற ஊர், எல்லையே இல்லாத ஒன்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

இதை ஒரேயொரு முறை ஊர் முழுவதும் சேர்ந்து உணர்ந்தோம். சுன்னாகத்தில். மின் நிலையப் பகுதியிலிருந்து கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கி, சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2014, 2015 ஆண்டுகளில் சனம் தெருவுக்கு வந்தது. பவுசரில் தண்ணீர் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே கட்ட வேண்டும் என்ற நியதியை இந்த நாட்டில் நிலத்தடி நீருக்காக நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஆனால் ஏன் தெருவுக்கு வந்தோம்? எண்ணெய் மணந்தது. வாளியில் படலமாகத் தெரிந்தது. அதே கிணறுகளில் எத்தனையோ ஆண்டாக நைத்திரேற்று இருந்திருக்கும். யாராவது ஒரு பதாகை பிடித்தோமா? எண்ணெய்க்கு ஒரு எதிரி இருந்தான், அவன் மேல் வழக்குப் போடலாம். நைத்திரேற்றுக்கு யார் மேல் வழக்குப் போடுவது? நான் உங்கள் மேலும் நீங்கள் என் மேலுமா?

சரி, என்ன செய்வது? செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021இல் அரசாங்கம் ஒரே இரவில் செயற்கைப் பசளையை நிறுத்தியது. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைக் கைவிட வேண்டி வந்தது. இடையில் பட்ட பாடு கமக்காரருக்குத் தெரியும். மண்ணைக் கேட்காமல், பயிரைக் கேட்காமல், உழவனைக் கேட்காமல் போட்ட உத்தரவு அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இயற்கைப் பசளைப் பிரியர்கள் கோபிக்கக் கூடாது. மாட்டெருவில் இருந்து வரும் நைதரசனும் கல்லுக்குள் போனால் நைத்திரேற்றுத்தான். வண்டி வண்டியாக எருவைக் கொட்டி, மாரி மழையில் கரைய விட்டால், யூரியா செய்த அதே வேலையை எரு செய்யும். எரு மண்ணைப் பதப்படுத்தும், நீரைப் பிடித்து வைக்கும், மெல்ல மெல்லக் கொடுக்கும். ஆகவே நான் எருவின் பக்கம்தான். ஆனால் எருவுக்கும் அளவு உண்டு.

அளவுதான் விசயம். எவ்வளவு, எப்போது. ஐப்பசி மழை கொட்டுவதற்கு முன் அடிப்பசளையை அள்ளிப் போடுவது கடலுக்குப் பசளை போடுவது. ஒரே தரத்தில் போடுவதை மூன்று நான்காகப் பிரித்துப் போட்டால் வேர் பிடிக்கும். பாத்தி நிறையக் கட்டுவதைக் குறைத்துத் தூவல் முறைக்கோ சொட்டு முறைக்கோ மாறினால் வேரைத் தாண்டித் தண்ணீர் போகாது. தண்ணீர் போகாவிட்டால் நைத்திரேற்றும் போகாது, மிசினுக்கு எண்ணெய்யும் மிச்சம். வெங்காயம் கிண்டிய தறையை வெறுமனே மழைக்கு விடாமல் சணலோ பயறோ விதைத்து விட்டால், மண்ணில் தங்கிய நைதரசனை அது பிடித்து வைத்துக்கொள்ளும். உழுது தாழ்த்தலாம். இவை எல்லாம் விவசாயப் போதனாசிரியர்கள் சொல்லிக் களைத்தவை, நான் ஓடிப்போய்விடுகிறேன்.

ஆனால் ஒன்றில் நின்று பேச வேண்டும். கமக்காரர்களே, உங்கள் கிணற்றுத் தண்ணீரே ஒரு பசளை! ஆம், கணக்கை மறுபடி எடுங்கள். கோடையில் ஒரு பரப்பு வெங்காயத்துக்கு ஒரு போகத்தில் ஏறக்குறைய ஒரு இலட்சம் லீற்றர் இறைக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தக் கிணற்றில் லீற்றருக்கு 100 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால், நீங்கள் தண்ணீரோடு சேர்த்து ஊற்றுவது இரண்டே கால் கிலோ நைதரசன். ஐந்து கிலோ யூரியாவுக்குச் சமன்! காசு கொடுத்து வாங்கிப் போன போகத்தில் போட்டது, கல்லுக்குள் போய்த் திரும்பி உங்கள் வாய்க்காலில் வருகிறது. அதைக் கழிக்காமல், கடையில் புதிய மூட்டை வாங்கி முழு அளவும் போடுகிறீர்கள். கெட்ட தண்ணீரைத் துப்புரவாக்க இயந்திரம் வேண்டாம். அதை வெங்காயத்துக்குக் கொடுத்து, அந்த அளவுக்கு மூட்டையைக் குறையுங்கள். வெங்காயமே துப்புரவாக்கும். இதற்கு வேண்டியது ஒன்றுதான்: தோட்டக் கிணற்றுத் தண்ணீரைப் போகத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, கிடைத்த அளவைக் கமக்காரன் கையில் கொடுக்க வேண்டும். மண் பரிசோதனை பற்றிப் பேசும் கமநல சேவை நிலையம் இதையும் செய்யட்டும். பரிசோதனைக் கீலங்கள் விலை கூடியவை அல்ல. ஒவ்வொரு பாடசாலை ஆய்வுகூடமும் தன் ஊர்க் கிணறுகளை அளக்கலாம்.

பூச்சிநாசினி பற்றிக் கேட்பீர்கள். அது தனிச் சொற்பொழிவு. வெற்றுப் போத்தலைக் கிணற்றடியில் கழுவாதீர்கள் என்பதோடு இன்று நிறுத்துகிறேன்.

நகரத்தாருக்கு என்ன வேலை? அடி திறந்த குழியை மூடிய தாங்கியாக மாற்றுவது முதல் வேலை. செலவு உண்டு. ஒரு வீட்டுக்குத் தாங்கி, நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒரு சிறிய சுத்திகரிப்பு, சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் விடுதிக்கும் கட்டாயச் சுத்திகரிப்பு என்று படிப்படியாகப் போகலாம். கழிவை அள்ளும் பவுசர் அதை எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? வீட்டுக் குழியைத் துப்புரவாக்கிவிட்டு ஊர் எல்லைத் தரவையில் ஊற்றினால், அது அதே கல்லுக்குள்தான் போகிறது. கேளுங்கள். மாநகர சபைக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம் தெரு விளக்கைப் பற்றிக் கேட்பதோடு இதையும் கேளுங்கள்.

மழைநீர் சேகரிப்பு என்று இப்போது நல்ல ஆர்வம் இருக்கிறது. கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விடுகிறார்கள். கூரைத் தண்ணீர் என்றால் வடித்து விடலாம். சிலர் தெருத் தண்ணீரையும், முற்றத்துத் தண்ணீரையும் குழாய் வைத்து நேரே விடுகிறார்கள். ஐயோ, அதைச் செய்யாதீர்கள்! வாகன எண்ணெய்யும் கோழிக் கழிவும் மண் தொடாமல் நேரே கல்லுக்குள் போக நாமே வாசல் திறந்து வைக்கிறோம். குளம் எதற்கு இருக்கிறது? தெருத் தண்ணீர் குளத்தில் தங்கி, மண்டி படிந்து, மண் ஊடாக மெல்ல இறங்கட்டும். நகரத்துக்குள்ளே ஆரியகுளம் இருக்கிறது, இன்னும் பல இருக்கின்றன. சிலவற்றின் கரையில் கடை, சிலவற்றின் நடுவில் குப்பை. குளத்துக்கு வரும் வெள்ளவாய்க்காலை மறித்து மதில் கட்டியவர்கள் இந்தச் சபையிலும் இருக்கலாம், நான் யாரையும் பார்க்கவில்லை.

இன்னும் பெரிய அளவில் தொண்டைமானாறு இருக்கிறது. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு என்ற திட்டத்தை வரைந்தார். கடல்நீரேரிகளின் வாயில் கதவு போட்டு, உப்பைத் தடுத்து, மாரி வெள்ளத்தை உள்ளே தேக்கி, நீரேரியையே நன்னீராக்குவது. தொண்டைமானாற்றில் தடுப்பணை கட்டினார்கள். ஆனையிறவிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பகுதி முடியாமலே நின்றது. கதவுகள் பராமரிப்பின்றிப் பழுதான காலமும் வந்தது. நீரேரி நன்னீரானால் கரையோரக் கிணறு இனிக்கும், உவரான வயல் திரும்பும். இந்தப் பழைய கோப்பைத் தூசி தட்டாமல் புதுத் திட்டங்களுக்குக் கடன் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி, யார் பணம் கட்டுவது? கமக்காரனைக் குறைத்துப் போடச் சொல்கிறோம். விளைச்சல் கொஞ்சம் குறைந்தால் அவன் நட்டத்தை யார் ஏற்பது? ஜேர்மனியில் மியூனிக் நகரம் இதற்கு ஒரு வழி கண்டது. அந்த நகரத்துக் குடிநீரில் பெரும்பகுதி மங்ஃபால் என்ற பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. அங்கே மாட்டுப் பண்ணைகள். தண்ணீரில் நைத்திரேற்று ஏறத் தொடங்கியது. நகரத்தார் சுத்திகரிப்பு ஆலை கட்டாமல், 1992 முதல் அந்தப் பள்ளத்தாக்கு உழவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். செயற்கைப் பசளையை விட்டு இயற்கை வேளாண்மைக்கு மாறுங்கள், ஏக்கர்க் கணக்கில் நாங்கள் தருகிறோம், விளைபொருளை விற்கவும் உதவுகிறோம் என்றார்கள். தண்ணீர்க் கட்டணத்தில் மிகச் சிறு பங்கு அதற்குப் போகிறது. நகரம் உழவனைத் திட்டவில்லை. உழவனை வேலைக்கு வைத்தது, தண்ணீர் விளைவிக்கிற வேலைக்கு! யாழ்ப்பாண நகரத்து மக்கள் கோப்பாய், புன்னாலைக்கட்டுவன், குப்பிழான் தோட்டக்காரருக்கு அப்படி ஒரு சதம் கொடுப்பார்களா? கொடுப்பதாக இருந்தால் கமக்காரரும் நகரத்தாரிடம் ஒன்று கேட்கலாம்: எங்கள் மூட்டையை நாங்கள் குறைக்கிறோம், உங்கள் குழியை நீங்கள் மூடுவீர்களா?

கடைசியாகத் தாளையடிக் கடல்நீர் நிலையம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை இங்கே குடிநீருக்குக் கொண்டுவர முனைந்தபோது கிளிநொச்சி உழவர்கள் எங்கள் வயலுக்கு என்ன வழி என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கடைசியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். நல்ல காரியம். தீவுப்பகுதித் தாய்மார் குடத்தோடு நிற்கும் காலம் முடியட்டும். ஆனால் குழாய் வந்ததும் என்ன நடக்கும்? கிணற்றைப் பற்றிய கவலை போய்விடும். கிணறு குப்பைக் குழியாகும். இரண்டாவது, குழாயில் தண்ணீர் தாராளமாக வந்தால் வீட்டில் பாவிக்கும் தண்ணீர் கூடும். கூடிய தண்ணீர் எங்கே போகும்? கழிவுக் குழாய் இல்லாத நகரத்தில் அதுவும் அந்தக் குழிக்குள்தான். கடலில் இருந்து மின்சாரம் செலவழித்துப் பிரித்தெடுத்த நல்ல தண்ணீரைக் கொண்டு, நமது நைத்திரேற்றைக் கல்லுக்குள் இன்னும் வேகமாகக் கழுவி இறக்கப் போகிறோம். தோட்டத்துக்கோ குழாய்த் தண்ணீர் கட்டுப்படியாகாது. வெங்காயம் அந்தக் கிணற்றைத்தான் நம்பி நிற்கும். அந்தத் தோட்டத்துக் குடும்பங்கள் பலவும் அதையேதான் குடிக்கும்.

ஆகவே என் கோரிக்கை இது. புதுக் குடிநீர் இணைப்புக் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும், இணைப்புக்கு முன் குழி மூடிய தாங்கியாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லாதவருக்கு, வசதி குறைந்தவருக்கு, இணைப்போடு சேர்த்துத் தாங்கிக்கும் கடன் கொடுக்கட்டும். மாதப் பட்டியலில் கிணற்றுப் பாதுகாப்புக்கு என்று சிறு தொகை சேர்த்து, அதைத் தோட்டக் கிணற்றுப் பரிசோதனைக்கும் தூவல் குழாய்க்கும் செலவிடட்டும். வருகிற வாரம் பிரதேச சபைக்குக் கொடுப்பதற்கு இந்த வாசகத்தில் ஒரு மனு எழுதி மேசையில் வைத்திருக்கிறோம். திருத்தம் இருந்தால் திருத்துங்கள். ஒப்பமிட விரும்புகிறவர்கள் ஒப்பமிடலாம். அதற்கு முன் கேள்வி நேரம். பின்வரிசையில் இருப்பவர்கள் முதலில் பேசட்டும். நான் சொன்ன கணக்கில் இறைப்பு அளவு சரியா என்று சொல்ல அவர்களைவிட வேறு யாருக்கும் தகுதி இல்லை.